பெரிய பைக்குக்குப் பழைய அனுபவம் எவ்வளவு தூரம் வரும்?

"பத்து வருஷமா வண்டி ஓட்டுறேன், எனக்கு எதுக்குப் புதுசா பழக்கம்?" பெரிய பைக் வாங்கப் போகிறவர்கள் பலரும் இப்படித்தான் நினைக்கிறார்கள். அந்தப் பத்து வருடமும் வேறு வண்டியில் போனவை. சாலையைப் படிக்கவும், எந்தக் கார் எப்போது குறுக்கே வரும் என்று முன்கூட்டியே உணரவும் அந்த அனுபவம் நிச்சயம் கைகொடுக்கும். ஆனால் 240 கிலோ எடையையும் 100 குதிரைத்திறனையும் எப்படி அடக்குவது என்று கைக்கும் காலுக்கும் அது சொல்லித் தந்திருக்காது.

இதற்குப் பழைய ஆதாரமே உண்டு. ஹாரி ஹர்ட் தலைமையிலான தென் கலிபோர்னியப் பல்கலைக்கழகக் குழு, லாஸ் ஏஞ்சலஸ் பகுதியில் நடந்த 900 மோட்டார்சைக்கிள் விபத்துகளை நடந்த இடத்திலேயே ஆராய்ந்தது. 1981இல் வெளிவந்த அதன் அறிக்கைப்படி, விபத்தில் சிக்கியவர்களுக்குச் சாலை அனுபவம் ஏறத்தாழ மூன்று ஆண்டுகள். ஆனால் விபத்துக்குள்ளான அந்த வண்டியில் பாதிப்பேருக்கு மேல் ஐந்து மாத அனுபவம்கூட இல்லை. பெரிய இன்ஜின் வண்டிகள் விபத்தில் சிக்கியது ஒப்பீட்டளவில் குறைவு, சிக்கியபோது காயம் கடுமையாக இருந்தது என்பதும் அதே அறிக்கைதான். அதற்குப் பிறகு, பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பூட்டாமல் தடுக்கும் ஏபிஎஸ் வந்தது, டயர்கள் எவ்வளவோ மேம்பட்டன. புது வண்டியில் ஏறும் ஆள் மட்டும் அதே ஆள்தான். அதனால் முதல் ஐந்து மாதத்தைப் படிப்புக் காலமாகவே வைத்துக்கொள்ளுங்கள் என்கிறேன்.

வாங்கும்போது எல்லோரும் முதலில் கேட்பது எத்தனை சிசி என்று. அது தவறான கேள்வி. 350 கிலோ எடையில் 90 குதிரைத்திறன் தரும் 1700 சிசி க்ரூஸர், 190 கிலோ எடையில் 120 குதிரைத்திறன் தரும் 600 சிசி ஸ்போர்ட்ஸ் பைக்கைவிடச் சாதுவான வண்டி. கிலோவுக்குக் கிடைக்கும் சக்தி இரண்டாவதில் இரண்டு மடங்குக்கும் மேல். ஐரோப்பாவில் நடுத்தர சக்தி பைக்குகளுக்குத் தரப்படும் ஏ2 உரிமம் சிசியைப் பார்ப்பதே இல்லை. 35 கிலோவாட், அதாவது சுமார் 47 குதிரைத்திறன்தான் உச்சவரம்பு, கிலோவுக்கு 0.2 கிலோவாட்டைத் தாண்டக் கூடாது. உங்கள் ஊர்ச் சட்டம் எதுவாக இருந்தாலும், சிறிய வண்டியிலிருந்து வருகிறவருக்கு இது நல்ல அளவுகோல். ஒரு வருடம் இந்த வரம்புக்குள் உள்ள வண்டியை ஓட்டிவிட்டு மேலே போவதை நேர விரயமாக நினைக்காதீர்கள்.

சக்தி எந்த ஆர்பிஎம்மில், அதாவது எந்த இன்ஜின் சுழல் வேகத்தில் வருகிறது என்பதும் முக்கியம். நான்கு சிலிண்டர் ஸ்போர்ட்ஸ் பைக் கீழ் ஆர்பிஎம்மில் பூனைபோல் நடந்துவிட்டு, மேலே போகப் போகப் பாயும். முதல் நாள் மெதுவாக ஓட்டிவிட்டு "இவ்வளவுதானா" என்று நினைப்பவர் மாட்டுவது அங்கேதான். பெரிய ட்வின் (இரண்டு சிலிண்டர்) இன்ஜினோ தொடக்கத்திலேயே இழுக்கும். சரளை கிடக்கும் திருப்பத்தில் சற்றே அதிகம் முறுக்கினாலும் பின்சக்கரம் வழுக்கும். வழுக்கியதும் பயந்து த்ராட்டிலைச் சட்டென்று மூடினால் டயர் திடீரெனப் பிடித்து, வண்டி ஓட்டுபவரைத் தூக்கி எறிந்துவிடும்.

புதியவர்களுக்கு அதிகம் நேரும் இன்னொரு ஆபத்து, கை தன்னையறியாமல் த்ராட்டிலை முறுக்குவது. வண்டி எதிர்பார்த்ததைவிட வேகமாகப் பாயும்போது உடல் பின்னால் போகிறது. ஹேண்டில்பாரைப் பிடித்துத் தொங்கும் கை கூடவே இழுபட்டு இன்னும் முறுக்குகிறது. பயத்தில் பிடி மேலும் இறுகுகிறது. இதைத் தடுக்க முழங்கை மடங்கியிருக்க வேண்டும், மணிக்கட்டு உயர்ந்துவிடாமல் நேராக இருக்க வேண்டும், உடலின் பிடிமானம் டேங்கை அழுத்தும் முழங்கால்களில் இருக்க வேண்டும். மெதுவேகத்தில் இடது கையின் இரண்டு விரல் கிளட்ச் மேலேயே இருக்கட்டும். ஏதாவது தப்பினால் கிளட்சைப் பிடித்தால் போதும், இன்ஜின் எவ்வளவு கத்தினாலும் சக்கரத்துக்குச் சக்தி போகாது.

பிரேக் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். "முன் பிரேக்கைத் தொட்டால் கவிழ்த்துவிடும்" என்ற பயத்தோடு பின் பிரேக்கை மட்டும் மிதித்துப் பழகியவர்கள் நம்மிடையே அதிகம். ஹர்ட் குழு கண்டதும் அதுதான்: பின் பிரேக்கை அளவுக்கு மீறி மிதித்துச் சக்கரத்தைச் சுழலவிடாமல் பூட்டினார்கள், முன் பிரேக்கைப் போதிய அளவு பிடிக்கவில்லை. பிரேக் பிடித்ததும் எடை முன்சக்கரத்துக்கு நகர்வதால் நிறுத்தும் வேலையில் பெரும்பகுதி முன் டயருடையது. ஆனால் எடை வந்து சேர ஒரு கணம் ஆகும். அதற்குள் லீவரை வெடுக்கென்று இழுத்தால் டயர் பூட்டும். முதலில் மெல்லத் தொட்டு, முன்சக்கரத்தைத் தாங்கும் ஃபோர்க் அமுங்குவதை உணர்ந்து, பிறகு அழுத்தத்தைக் கூட்டிக்கொண்டே போக வேண்டும்.

காய்ந்த சாலை, நல்ல டயர், சரியான பிரேக், ஒரு நொடியில் சுதாரிக்கும் ஆள் என்று வைத்துக்கொள்வோம். 60 கிலோமீட்டர் வேகத்தில் நிற்கச் சுமார் 34 மீட்டர் வேண்டும். 120இல் சுமார் 103 மீட்டர். வேகம் இரண்டு மடங்கு, தூரம் மூன்று மடங்கு. ஹர்ட் அறிக்கை சொல்லும் பெரும்பாலான விபத்துகளில் தப்பிக்கக் கிடைத்த அவகாசம் இரண்டு நொடிக்கும் குறைவு. 120இல் இரண்டு நொடிக்குள் 67 மீட்டர் ஓடிவிடும். எதிரே திரும்பக் காத்திருக்கும் கார்க்காரருக்கோ ஒற்றை விளக்கின் வேகத்தைக் கணிப்பது கடினம். வேகமெடுக்கும் திறன் கூடியிருக்கும் வண்டியில் சந்திப்புகளை முன்னைவிட மெதுவாகக் கடக்கச் சொல்வது இதனால்தான்.

ஆளில்லாத, காய்ந்த, சரளையற்ற இடத்தில் பழகுங்கள். டயர் சூடேறிய பிறகு 30 கிலோமீட்டர் வேகத்தில் பத்து முறை, அதே கோட்டில் பிரேக் பிடித்து நில்லுங்கள். நிற்கும் தூரம் ஒரே மாதிரி வந்த பிறகு 40, பிறகு 50. ஏபிஎஸ் இருந்தால் லீவர் துடிப்பதையும் ஒருமுறை கையால் உணர்ந்துவிடுங்கள். முதன்முறையாக அவசரத்தில் அது துடிக்கும்போது பயந்து பிடியை விட்டுவிடுவார்கள். சக்தியை மென்மையாகத் தரும் ரெயின் மோட் இருந்தால் முதல் மாதம் அதிலேயே ஓட்டுங்கள், வெட்கப்பட ஒன்றுமில்லை. சாய்மானத்தை அளக்கும் சென்சார் உள்ள விலையுயர்ந்த வண்டியானாலும், திருப்பத்துள் அதிக வேகத்தில் நுழைந்தவரை எந்த எலக்ட்ரானிக்ஸும் காப்பாற்றாது.

நிற்கும் வண்டி கீழே விழுவது அவமானம் என்று நினைத்துத் தாங்கிப் பிடிக்கப் போய்க் காலை முறித்துக்கொள்ள வேண்டாம். ஹேண்டில்பார் திரும்பியிருக்கும்போது முன் பிரேக்கைப் பிடித்தால் வண்டி அந்தப் பக்கமே சாயும். யூ டர்ன் எடுக்கும்போது கிளட்சைப் பாதி விட்டு, பின் பிரேக்கை லேசாக உரசவிட்டு, போக வேண்டிய இடத்தைப் பாருங்கள். விழுந்துவிட்டால் இன்ஜினை அணைத்து கியரில் போடுங்கள். வலப்பக்கம் விழுந்திருந்தால் சைடு ஸ்டாண்டையும் முன்பே இறக்கிவிடுங்கள். சீட்டில் பின்புறத்தைச் சாய்த்து, முதுகை நேராக வைத்து, கால் பலத்தால் சிறு சிறு அடியாகப் பின்னோக்கி நடந்து நிமிர்த்துங்கள்.

பழைய வண்டி என்றால் டயர் பக்கவாட்டில் உள்ள நான்கு இலக்கத்தைப் படியுங்கள்: 2319 என்றால் 2019இன் 23ஆவது வாரம். பட்டன் எவ்வளவு ஆழமாக இருந்தாலும் ரப்பர் இறுகிய டயரை மாற்றுங்கள். ஹேண்டில்பாரை இருபுறமும் முழுவதும் திருப்பி, அது முட்டி நிற்கும் இடத்தில் நசுங்கலோ புது பெயின்டோ இருக்கிறதா பாருங்கள், இருந்தால் பெரிய விழுதலாக இருக்கலாம். புது டயர் போட்டால் முதல் 150 கிலோமீட்டருக்கு அதிகம் சாய்க்கக் கூடாது.

பின்னால் ஆளை ஏற்றுவதை முதல் சில மாதம் தள்ளிப்போடுங்கள். ஏற்றும் நாளில் பின் ஷாக்கின் ப்ரீலோடை (ஸ்பிரிங்கின் ஆரம்ப இறுக்கத்தை) கூட்டி, டயர் காற்றைக் கையேட்டில் இருவருக்குச் சொன்ன அளவுக்கு வையுங்கள். பின்பக்கம் தாழ்ந்தால் ஹெட்லைட் மேலே தூக்கிக்கொண்டு எதிரே வருபவர் கண்ணைக் கூச வைக்கும், அதையும் இறக்கிவிட்டுக் கிளம்புங்கள்.