காரிஸ் ஸ்டேஷனை இடித்திருக்கக் கூடாது

வேல்ஸில் காரிஸ் என்று ஒரு சின்ன ஊர். வீட்டுக் கூரைக்குப் போடும் ஸ்லேட் கல்லை மலையைக் குடைந்து எடுத்துப் பிழைத்த ஊர். அந்தக் கல்லை டவி ஆற்றுப் பக்கம் இறக்க 1859-ல் ஒரு குறுகிய பாதை போட்டார்கள், தண்டவாள அகலம் 2 அடி 3 அங்குலம்தான். முதலில் இழுத்தவை குதிரைகள். நீராவி இஞ்சின் வரவே ஏறக்குறைய இருபது வருஷம் ஆனது. ஆட்களை ஏற்றினால் கல் போவது தாமதமாகும் என்று குவாரி முதலாளிகள் எதிர்த்ததால், ஊர்மக்கள் முறையான பயணிகள் ரயிலில் ஏற 1883 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

எனக்கு இதில் பிடித்ததே அந்த ஸ்டேஷன்தான். தண்டவாளத்தையும் சேர்த்து மூடிய கூரை. மழை விடாமல் பெய்யும் அந்த மலையில் பெட்டியிலிருந்து நனையாமல் இறங்கலாம், இத்தனை சின்ன ஊருக்கு அப்படி யோசித்துக் கட்டியிருக்கிறார்கள்!

1930-ல் கிரேட் வெஸ்டர்ன் ரயில்வே இதை வாங்கியது. அவர்களுக்கு பஸ்ஸும் ஓடியது, அதனால் 1931 பிறந்ததுமே பயணிகள் ரயிலை நிறுத்திவிட்டார்கள். 1948 ஆகஸ்டில், டவி வெள்ளம் பாலத்தருகே கரையை அரித்த சமயத்தில், கல் ரயிலும் நின்றது. மிஞ்சிய இரண்டு இஞ்சின்களை 1951-ல் பக்கத்திலிருந்த டாலிலின் ரயில்வேக்காரர்கள் வாங்கிக்கொண்டார்கள், அங்கேயும் அதே 2 அடி 3 அங்குலம். அபூர்வமான அளவு அது, பொருந்தியதே பெரிய அதிர்ஷ்டம்.

சரி, என் ஆற்றாமைக்கு வருகிறேன். இந்தப் பாதையைக் காப்பாற்ற ஆர்வலர்கள் 1966-லேயே சங்கம் தொடங்கிவிட்டார்கள். ஸ்டேஷன் இடிக்கப்பட்டது 1968-ல்! கேட்பாரற்றுக் கிடந்தது என்று சொல்லவே முடியாது, வேண்டும் என்று நினைத்தவர்கள் இருக்கும்போதே இடித்தார்கள். ‘இப்போது பயன் இல்லை’ என்பதை ஒரு காரணமாகவே நான் ஏற்க மாட்டேன். தப்பியது குதிரை லாயம் மட்டும், 1970-ல் அதில்தான் மியூசியம் திறந்தார்கள்.

அப்புறம் பல வருஷம் உழைத்து, 2002-ல் காரிஸிலிருந்து மேஸ்பாய்த் வரை மறுபடி பயணிகளை ஏற்றிப் போனார்கள். ஒரு மைல்கூட வராத தூரம். அதற்கு நீராவி இஞ்சின் வேண்டுமே என்று, டாலிலினுக்குப் போன பழைய 4-ம் எண் இஞ்சினின் சாயலில் ஒன்றைப் புதிதாகவே செய்து 2005-ல் ஓட்டினார்கள். இஞ்சினையே செய்தவர்களுக்கு அந்தக் கூரையைப் பழுதுபார்ப்பதா கஷ்டமாக இருந்திருக்கும்?