‘எல்லாம் வரம்புக்குள்’ என்று கைதட்டியவர்களுக்கு

ஞாயிற்றுக்கிழமை குடியிருப்போர் கூட்டத்தில் நடந்ததை எல்லோரும் அறிவீர்கள் என்பதால் அதை மறுபடி விவரிக்கப்போவதில்லை. நம் ஏரி கெட்டிருக்கிறது என்று நான் சான்றுகளை அடுக்கியபோது, “பத்து அரைகுறைச் சான்றுகளைக் கூட்டினால் ஒரு முழுச் சான்று ஆகிவிடாது, மேடம்” என்று செயலாளர் சொன்னதற்குக் கைதட்டியவர்களில் சிலர் இதையும் படிப்பார்கள் என்று தெரிந்தேதான் எழுதுகிறேன்.

அவர் கையில் இருந்தது ஒரே ஒரு நாள், ஏரியின் ஒரே இடத்தில் மொண்ட ஒரு புட்டித் தண்ணீரின் அறிக்கை. கரைந்த ஆக்சிஜன் லிட்டருக்கு 6 மில்லிகிராம். மீன்கள் வாழ மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் கேட்பது 4 தான். ஆகவே ஏரி நலம். விடியலில் மீன்கள் செத்து ஒதுங்கியதும், கால்வாய் வந்து சேரும் மூலையில் சாக்கடைப் புழுக்களைத் தவிர வேறு உயிர் இல்லாததும், வண்டலில் கல்லூரி மாணவர்கள் ஈயம் கண்டதும் அரைகுறையாம்.

பாசி மண்டிய ஏரியில் பகலெல்லாம் ஆக்சிஜனைத் தரும் பாசியே இரவெல்லாம் அதை இழுத்துக்கொள்கிறது; விடிவதற்குச் சற்று முன்புதான் அளவு அடிமட்டத்துக்குப் போகும். அம்மோனியாவும் அப்படித்தான், ஒரு நேரத்து அளவு முழுக் கதையைச் சொல்லாது. 25 டிகிரி வெப்பத்தில் தண்ணீரின் பி.எச்., அதாவது அமில-காரத் தன்மையின் அளவு, 7 ஆக இருக்கும்போது மொத்த அம்மோனியாவில் மீனைக் கொல்லும் வடிவம் நூற்றில் ஒரு பங்குகூட இருக்காது. அதே தண்ணீர் 9 ஐத் தொட்டால் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டிவிடும். ஈயமோ தண்ணீரில் மிதந்துகொண்டு புட்டிக்காகக் காத்திருப்பதில்லை, வண்டலில் போய்ப் படிகிறது. ஆகவே அந்த அறிக்கை பொய் என்று நான் சொல்லவே இல்லை. அது ஒரு சான்று, ஒன்றே ஒன்று.

“அப்படியானால் வாட்ஸ்அப்பில் வரும் நுரைப் படமும் சான்றா?” என்று கேட்பீர்கள். சான்றுதான், என் தராசில் கடுகளவு எடையுள்ள சான்று. ஒரே புட்டியை மூன்று ஆய்வகங்களுக்கு அனுப்பினாலும் ஏரியைப் பற்றி அது ஒரு சான்றுதான், மூன்றாகாது. எண்ணுவது வேறு, எடை போடுவது வேறு. எவ்வளவு நம்பகமானது, கேட்ட கேள்விக்குப் பொருந்துகிறதா, மற்றவற்றோடு ஒத்துப்போகிறதா என்று பார்க்கச் சொல்லி ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2017 இல் வழிகாட்டியே வெளியிட்டது. செத்த மாடுகளைத் தின்று கூட்டங்கூட்டமாக மடிந்த பிணந்தின்னிக் கழுகுகளின் கதையும் அதுதான். செத்த பறவைகளின் உறுப்புகளில் படிந்த யூரிக் அமிலம், சிறுநீரகத்தில் மாடுகளுக்குக் கொடுக்கும் வலி மருந்தான டைக்ளோஃபினாக், அந்த மருந்தை ஊட்டிப் பார்த்த சோதனை ஆகிய எல்லாம் ஒரே திசையைக் காட்டியதை 2004 இல் வெளியிட்டார்கள்; 2006 இல் இந்தியா அந்த மருந்தைக் கால்நடை மருத்துவத்தில் தடை செய்தது. நம் செயலாளர் அங்கே இருந்திருந்தால் மாட்டின் ரத்தப் பரிசோதனை ஒன்றைக் காட்டிக் கூட்டத்தைக் கலைத்திருப்பார்.

மீன்கள் ஆக்சிஜன் குறைந்துதான் செத்தன, ரசாயனத்தால் அல்ல என்ற வாதத்தில் நியாயம் உண்டு. அதைக் கூட்டத்தில் முதலில் சொன்னவளே நான்தான். அப்போது யாரும் கைதட்டவில்லை.

“பாட்டில் கழுவிய அனுபவத்தை வைத்து அறிவியல் பேசாதீர்கள்” என்று பின் வரிசையிலிருந்து ஒரு குரல் வந்தது. கழுவினேன், சார். பத்தொன்பது ஆண்டுகள் தண்ணீர்ப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்த்தவள், ஆரம்பத்தில் பாட்டிலும் கழுவினேன். வேலைக்குச் சேர்ந்த மூன்றாம் ஆண்டில் ஒரு கிராமத்துக் கிணற்று மாதிரிக்குக் ‘கண்டறியப்படவில்லை’ என்று கையெழுத்துப் போட்டேன். அன்று எங்களிடம் இருந்த கருவியால் காண முடிந்த மிகக் குறைந்த அளவே குடிநீர் வரம்பைவிட அதிகம் என்பதை நான் கவனிக்கவில்லை. அந்தத் தாளை வாங்கிக்கொண்டு, “அப்போ குடிக்கலாங்களா, அம்மா?” என்று கேட்ட பெரியவருக்குத் தலையாட்டினேன். ‘கண்டறியப்படவில்லை’ என்பதை ‘இல்லை’ என்று படிக்கிறவர்களைப் பார்த்தால் எனக்கு ஏன் குரல் உயர்கிறது என்று இப்போதாவது புரியட்டும்.

ஏரியைப் பார்த்த ஃப்ளாட்டுக்குச் சதுர அடிக்கு என்ன விலை என்பதும் எனக்குத் தெரியும், எனக்கும் இங்கே ஒன்று இருக்கிறது. விலை விழும் என்று பயந்தால் அதை நேராகச் சொல்லுங்கள், நானும் சேர்ந்து பயப்படுகிறேன். அறிவியலை இழுக்காதீர்கள்.

அந்த அறிக்கையை லிஃப்டுக்குள் ஒட்டியிருக்கிறார்கள். நேற்று இரவு கண்ணாடியை மாட்டிக்கொண்டு மேலிருந்து கீழ்வரை படித்தேன். ‘மாதிரி எடுத்த நேரம்’ என்ற கட்டம் காலியாக இருக்கிறது.