ஃபார்கோ உண்மைக் கதை இல்லை

"ஃபார்கோ படமும் சீரிஸும் அமெரிக்காவில் அப்படியே நடந்த கேஸ், ஆரம்பத்திலேயே போட்டிருக்கிறார்களே" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். போட்டிருக்கிறார்கள், சரி. 1987இல் மின்னசோட்டா மாநிலத்தில் நடந்தது, உயிர் பிழைத்தவர்கள் கேட்டுக்கொண்டதால் பெயர்களை மாற்றியிருக்கிறோம், இறந்தவர்களுக்கு மரியாதையாக மற்றதை நடந்தபடியே சொல்கிறோம் என்று வரும். அந்த வாசகமே படத்தை எடுத்த கோயன் சகோதரர்கள் கட்டிய கதைதான். 1996இல் வந்த அந்தப் படத்தின் கடைசி டைட்டில் முடியும்வரை உட்கார்ந்திருந்தால், பாத்திரங்களும் சம்பவங்களும் கற்பனையே என்கிற வழக்கமான அறிவிப்பையும் பார்த்திருப்பீர்கள் (அதுவரை யார் உட்காருகிறோம்!).

நிஜத்திலிருந்து எடுத்த துணுக்குகள் உண்டு. மரக்கிளை அரைக்கும் இயந்திரத்தில் பிணத்தைப் போடும் காட்சி இருக்கிறதே, அதற்கு மூலம் 1986இல் கனெக்டிகட்டில் ஒரு விமானி தன் மனைவியைக் கொன்று உடலை அப்படி மறைக்கப் பார்த்த வழக்கு; அது மின்னசோட்டாவே இல்லை, நாட்டின் கிழக்குக் கரையோரம். ஆள்கடத்தல், மாமனாரின் பணம், கர்ப்பிணி போலீஸ் அதிகாரி எல்லாம் எழுதிச் சேர்த்தவை. படத்துக்குப் பெயர் தந்த ஃபார்கோ ஊர்கூட முதல் காட்சியோடு சரி, அப்புறம் கதை பிரெய்னர்ட், மினியாபொலிஸ் என்று மின்னசோட்டா ஊர்களுக்குப் போய்விடுகிறது.

2014இல் தொடங்கிய சீரிஸ் வேறு கதை, ஆனால் அதே வாசகத்தை வருடத்தை மட்டும் 2006 என்று மாற்றிப் போட்டார்கள். அடுத்த சீசனுக்கு 1979. ஒவ்வொரு முறையும் முகத்தை இறுக்கமாக வைத்துக்கொண்டு புளுகுகிறார்கள், எனக்கு அதுவே பாதி ருசி.