அந்தப் பொடியைக் கொதிக்கிற பாலில் போடாதீர்கள்

நேற்று முழுக்க எல்லார் பக்கத்திலும் ஓடிய அந்த வீடியோவைப் பற்றித்தான். சின்பயாட்டிக் பொடியை நுரை பொங்கும் பாலில் கொட்டி, "ஆன்டிஆக்சிடன்ட், உடம்பு நஞ்சையெல்லாம் எடுத்துவிடும்" என்று ஒருவர் குடித்துக் காட்டினாரே, அது. கீழே தன்மையாகத் தவறைச் சொன்னவர்களுக்கெல்லாம் "மருந்துக் கம்பெனி ஆள்" என்று பட்டம். வலிக்கத்தான் செய்கிறது.

சின்பயாட்டிக் என்பது உயிருள்ள நுண்ணுயிரும் அதற்கான தீனியும் சேர்ந்தது. உயிர் முக்கியம். லாக்டோபாசில்லஸ் வகைகள் 60 டிகிரியைத் தாண்டினால் சில நிமிடம்கூடத் தாங்குவது கடினம். கொதிக்கிற பாலில் போட்டால் மிஞ்சுவது தீனியாகச் சேர்த்த இனுலின் என்ற நார் மட்டும். பாசில்லஸ் கோயாகுலன்ஸ் மாதிரி வித்தாக உறங்கும் இனங்கள் சூடு தாங்கும், உண்மைதான். அதனால்தான் பாக்கெட்டில் இனத்தின் பெயரைப் படியுங்கள் என்று திரும்பத் திரும்பச் சொல்கிறோம். பால் விரல் பொறுக்கும் சூட்டுக்கு வரட்டும், பிறகு கலக்குங்கள்.

ஆன்டிஆக்சிடன்ட், அதாவது செல்களை ஆக்சிஜனேற்றச் சேதத்திலிருந்து காப்பது என்றதும் வைட்டமின் சி மாத்திரை மாதிரி நினைத்துக்கொள்கிறார்கள். வேலை வேறு. குடல் நுண்ணுயிர்கள் நாரைப் புளிக்கவைத்து பியூட்டிரேட் போன்ற சிறு கொழுப்பு அமிலங்களைத் தருகின்றன. பெருங்குடல் சுவரின் செல்களுக்கு அதுதான் எரிபொருள். சுவர் இறுகினால் அழற்சி தணியும், உடம்பே தயாரிக்கும் ஆன்டிஆக்சிடன்டான குளூட்டாதையோன் மிஞ்சும். நீரிழிவு, கொழுப்புக் கல்லீரல் நோயாளிகளிடம் நடந்த சோதனைகளில், செல் கொழுப்பின் சேதத்தைக் காட்டும் மலோன்டயால்டிஹைடு குறைந்ததும் குளூட்டாதையோன் ஏறியதும் பதிவாகியிருக்கிறது. பெரும்பாலும் சிறிய குழுக்கள், 6 முதல் 12 வாரம். ஒரே டம்ளரில் எதுவும் நடக்காது. இனுலினை முதல் நாளே 10 கிராம் போட்டால் வயிறு ஊதி, வாயு பிரியும். 2, 3 கிராமில் தொடங்குங்கள்.

"பாட்டி சாப்பிட்ட பழைய சோறு சின்பயாட்டிக் இல்லையா?" என்று கேட்பீர்கள். நல்ல கேள்வி. சோறு ஆறும்போது மாவுச்சத்தில் ஒரு பங்கு செரிக்காத நாராக மாறுகிறது. ஆறிய சோற்றுக்கு இரண்டு விரல் மேலே தண்ணீர், 8 மணி நேரம். காலையில் கையால் பிசைந்து, புளித்த மோர் ஒரு கரண்டி, உப்பு, நசுக்கிய சின்ன வெங்காயம். அந்த வெங்காயத்தில் இருக்கும் ஃப்ரக்டான் என்ற நார்தான் தீனி. அருமையான சாப்பாடு. ஆனால் எந்த இனம், எத்தனை கோடி என்று யாராலும் சொல்ல முடியாது. அதனால் அதை மருந்தென்று விற்க முடியாது. சோற்றைச் சூடாகவே மூடி மணிக்கணக்கில் வைத்தால் பாசில்லஸ் சீரியஸ் என்ற கிருமி வளரும். அதன் ஒரு நச்சு மறுபடி சுடவைத்தாலும் போகாது.

"ஆராய்ச்சியே கிடையாது என்கிறீர்களா?" ஒருபோதும் இல்லை. ஒடிசா கிராமங்களில் 4,556 பச்சிளம் குழந்தைகளிடம் நடந்து 2017இல் வெளியான சோதனையில் லாக்டோபாசில்லஸ் பிளான்டாரமும் அதன் தீனியாக ஃப்ரக்டோ ஆலிகோசாக்கரைடும் 7 நாள் கொடுத்தார்கள். செப்சிஸ் என்ற உயிருக்கு ஆபத்தான தொற்றுப் பாதிப்பும் மரணமும் சேர்ந்து 9 சதவீதத்திலிருந்து 5.4 ஆகக் குறைந்தன. இன்ன இனம், இன்ன அளவு, இத்தனை நாள் என்று இருந்ததால் கிடைத்த பலன் அது.

"ஆன்டிஆக்சிடன்ட் கூடினால் கெடுதலா?" பின்லாந்தில் புகைபிடிக்கும் 29,133 ஆண்களிடம் நடந்த சோதனையில், பீட்டா கரோட்டின் என்ற ஆன்டிஆக்சிடன்ட் மாத்திரை எடுத்தவர்களுக்கு நுரையீரல் புற்றுநோய் கூடியது. 1994இல் வெளிவந்தது. போதுமா?

"இயற்கையானது, என்ன செய்துவிடும்?" என்பதுதான் பொறுக்க முடியாத கேள்வி. நெதர்லாந்தில் கடுமையான கணைய அழற்சி நோயாளிகளுக்குக் குழாய் வழியே புரோபயாட்டிக், அதாவது உயிருள்ள நுண்ணுயிர்கள் கொடுத்தார்கள். 2008இல் முடிவு வந்தது. அந்தக் குழுவில் 24 பேர் இறந்தார்கள், போலி மருந்து பெற்ற குழுவில் 9 பேர். நல்ல எண்ணத்தோடு, மருத்துவமனைக்குள், மருத்துவர்கள் கண்முன்னே நடந்தது இது.

அந்த வீடியோவுக்குக் கீழே ஒரு பெண், கீமோ எடுத்துக்கொண்டிருக்கும் தன் அப்பாவுக்குக் கொடுக்கலாமா என்று கேட்டிருக்கிறார். "தாராளமா குடுங்க" என்று பதில், நூற்றுக்கணக்கில் விருப்பக்குறி. சகோதரி, கீமோவால் வெள்ளையணு குறைந்திருக்கும் நேரத்தில் உயிருள்ள பாக்டீரியா ரத்தத்தில் கலந்தால் ஆபத்து. பாக்கெட்டைப் பிரிக்காதீர்கள். அப்படியே எடுத்துப்போய் அப்பாவின் புற்றுநோய் மருத்துவரிடம் காட்டுங்கள்.