வாடைக்கெல்லாம் பெயர் வைத்த ஊர்

போன வாரம் திருப்பாதிரிப்புலியூரில் ஒரு கல்யாணம். பந்தியில் பக்கத்தில் உட்கார்ந்த சித்தி மகன் சொன்னான்: "வெளிநாட்டுக் கம்பெனி நாலு வந்தா நம்ம பசங்க எதுக்குண்ணே சிங்கப்பூருக்கு ஓடணும்? முதல்ல வேலை வரட்டும். சுத்தம் பண்றத அப்புறம் பாத்துக்கலாம்."

கல்யாண வீட்டில் என்ன வாதம் என்று விட்டுவிட்டேன். ஆனால் அந்த 'அப்புறம்' இன்னும் உறுத்திக்கொண்டே இருக்கிறது.

நான் கடலூர் சிப்காட் தொழிற்பேட்டையை ஒட்டிய ஊரில் வளர்ந்தவன். எங்கள் தெருவில் வாடைக்கெல்லாம் பெயர் உண்டு. அழுகின முட்டை வாடை, நகப்பாலிஷ் வாடை, பொண வாடை. ராத்திரி எது வந்தாலும் அம்மா எழுந்து ஜன்னலைச் சாத்தி, கதவுக்கு அடியில் ஈரத்துணியைத் திணிப்பார். மே மாதப் புழுக்கத்தில் அந்த ஒரே அறைக்குள் ஆறு பேர் படுத்திருப்போம். அப்பா அதே சிப்காட்டில் ஒப்பந்தக் கூலி. எந்த வாடை எங்கிருந்து வருகிறது என்று அவருக்குத் தெரியும். வாயைத் திறக்க மாட்டார். விடிந்தால் அங்கேதான் வேலைக்குப் போக வேண்டும். என் காலேஜ் ஃபீஸ் அந்தக் கூலியில்தான் கட்டப்பட்டது. அதனால் ஆலையே வேண்டாம் என்று என்னால் சொல்ல முடியாது.

தாத்தா உப்பனாற்றில் வீச்சுவலை போட்டவர். மடவை, இறால், நண்டு என்று அந்த ஆறுதான் குடும்பத்துக்குச் சோறு போட்டது. அப்பாவுக்கும் வலை வீசத் தெரியும். ஆனால் அவர் காலத்தில் ஆற்று மீன் என்று சொன்னாலே கடலூர் பழைய நகர (ஓ.டி.) மார்க்கெட்டில் முகர்ந்து பார்த்துவிட்டுத் திரும்பக் கூடையில் போட்டுவிடுவார்கள். குழம்பு கொதிக்கும்போது மண்ணெண்ணெய் வாடை வரும். வலை பரணுக்குப் போனது, அப்பா கம்பெனி கேட்டுக்குப் போனார். கணக்கில் இது ஒரு வேலைவாய்ப்பு. போன வேலையை யாரும் கழித்துக் காட்டவில்லை.

சித்தி மகன் சொன்னதற்குப் பொருளாதாரத்தில் ஒரு வளைகோடே இருக்கிறது. ஏழை நாடு வளரத் தொடங்கும்போது மாசு ஏறும், ஓரளவு வருமானம் வந்த பிறகு இறங்கும். 1991-ல் ஜீன் கிராஸ்மன், ஆலன் க்ரூகர் என்ற இரண்டு அமெரிக்கப் பொருளாதார அறிஞர்கள் பல நாட்டு நகரங்களின் காற்றை ஒப்பிட்டு, கந்தக டை ஆக்சைடும் புகையும் இப்படித்தான் போகின்றன என்று காட்டினார்கள். பலரும் இந்த இடத்தோடு நிறுத்திவிடுகிறார்கள். அதே இருவரும் 1995-ல், இந்த இறக்கம் தானாக நடப்பதில்லை என்றும் எழுதினார்கள். வசதி வந்த மக்கள் நல்ல காற்று கேட்கிறார்கள், அரசு விதியை இறுக்குகிறது, அதனால்தான் மாசு குறைகிறது. அப்படியென்றால் கேட்பதற்கு ஆள் வேண்டும், கேட்டால் நடக்க வேண்டும்.

சிப்காட் மக்கள் கேட்டார்கள். 2004-ல் ஒரு பிளாஸ்டிக் வாளிக்குள் பையைப் பொருத்தி, வாடை வரும் நேரம் பார்த்துக் காற்றைப் பிடித்து ஆய்வகத்துக்கு அனுப்பினார்கள். என்னென்ன நச்சு வாயுக்களைச் சுவாசிக்கிறோம் என்று ரிப்போர்ட்டில் பெயர் பெயராக வந்தது. அளந்து சொல்ல வேண்டியது அரசின் வேலை. அதை வாளி தூக்கிக்கொண்டு ஜனங்கள் செய்தார்கள் என்பதை நினைத்தால் பெருமையும் வருகிறது, ஆத்திரமும் வருகிறது.

வெளிநாட்டு முதலீடு என்றாலே நஞ்சு என்று நான் சொல்லவில்லை. நல்ல இயந்திரம், நல்ல சுத்திகரிப்பு முறை அதோடு வருவதும் உண்டு. உள்ளூர் முதலாளி விட்ட கழிவும் ஆற்றைக் கொல்லத்தான் செய்யும். ஆனால் கொடைக்கானலை மறக்க முடியுமா? அமெரிக்காவில் மூடிய பாதரச தெர்மாமீட்டர் ஆலையை எண்பதுகளில் அங்கே கொண்டுவந்து வைத்தார்கள். பாதரசம் அமெரிக்காவிலிருந்து வந்தது, தெர்மாமீட்டர் அங்கேயே திரும்பிப் போனது. பாதரசம் ஒட்டிய உடைந்த கண்ணாடி மட்டும் நம் ஊர்ப் பழைய சாமான் கிடங்கில் கிடந்தது. 2001-ல் அது வெளிவந்த பிறகுதான் ஆலை நின்றது.

இது நம் பக்கத்துக்கும் புதுசு இல்லை. 1830 வாக்கில் பரங்கிப்பேட்டையில் ஹீத் என்ற ஆங்கிலேயர் இரும்பாலை தொடங்கினார். சேலத்துத் தாது, உலைக்கு நம் காட்டு மரத்தை எரித்த கரி. பிற்பாடு கரி கிடைப்பதே பெரும்பாடானது. ஆலை போய்விட்டது, வெட்டிய மரமும் போனது போனதுதான்.

பாலாற்றுத் தோல் பதனிடும் ஆலைகள் வழக்கில் 1996-லேயே உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொன்னது: மாசு செய்தவரே செலவை ஏற்க வேண்டும். சட்டம் இருக்கிறது. கம்பெனியை அழைக்கிற அவசரத்தில் அதைத்தான் முதலில் தளர்த்துகிறோம். பெரிய ஆலை என்றால் கருத்துக்கேட்புக் கூட்டம் நடத்த வேண்டும், முப்பது நாள் முன்பே அறிவிக்க வேண்டும், சுற்றுச்சூழல் பாதிப்பு அறிக்கையின் சுருக்கத்தைத் தமிழில் தர வேண்டும் என்பது 2006 முதல் விதி. தொழிற்பேட்டைக்குள் வரும் ஆலைகளுக்கு அதிலும் விலக்குகள் கொடுத்து வைத்திருக்கிறார்கள். எங்களைப் போன்ற ஊர்களுக்குத்தான் அந்தக் கூட்டம் முதலில் தேவை.

அடுத்து எங்கே கூட்டம் நடந்தாலும் சித்தி மகனைக் கூட்டிக்கொண்டு போவேன். எத்தனை பேருக்கு நிரந்தர வேலை என்று அவன் கேட்கட்டும். கழிவுநீர் எந்த ஆற்றுக்குப் போகிறது, ராத்திரி பதினொரு மணிக்கு யார் வந்து அளப்பார்கள் என்று நான் கேட்கிறேன்.