கார்டு மட்டும் இருந்தா போதுமா சார்

மருத்துவத்துல ஏழை பணக்காரன் ஏற்றத்தாழ்வு பத்தின உங்க கட்டுரைய படிச்சேன், ஏழைங்களுக்குத்தான் 5 லட்சம் ரூபா அரசு மருத்துவ காப்பீட்டு கார்டு இருக்கே, அப்புறம் என்ன ஏற்றத்தாழ்வுன்னு எழுதியிருக்கீங்க. சார் அந்த கார்டு பெரும்பாலும் பெட்ல படுத்தாதான் வேலை செய்யும், தினம் போடுற சுகர் மாத்திரைக்கு அதை நீட்ட முடியாது. எங்க அம்மாச்சி கூலி வேலைக்கு போறவங்க, ஜிஎச்ல மாத்திரை இலவசம்தான் ஆனா அங்க போய் லைன்ல நின்னா அன்னைக்கு கூலி போச்சு, அதனால மாத்திரைய பாதியா உடைச்சு ஒரு நாள் விட்டு ஒரு நாள் போட்டுக்கிட்டு இருந்திச்சு, கேட்டா நல்லாத்தானடா இருக்கேன்னு சொல்லும். 2021ல மக்களைத் தேடி மருத்துவம்ங்கற அரசு திட்டம் வந்தப்புறம்தான் ஒரு அக்கா வீட்டுக்கே வந்து திண்ணையில உக்காந்து பிரஷர் பாத்துட்டு மாத்திரை குடுத்துட்டு போறாங்க. அதே வருஷம் டவுன் பஸ் பொம்பளைங்களுக்கு ஃப்ரீ ஆச்சே, ஆஸ்பத்திரிக்கு போற பஸ் காசு மிச்சம், அதனால அதுவும் என்னைக் கேட்டா மருத்துவ திட்டம்தான்!

ஏழை கர்ப்பிணிங்களுக்கு அரசு குடுக்குற முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு உதவியும் அப்படித்தான், 2006ல 6000 ரூபா, 2011ல 12000, அப்புறம் 18000 ஆச்சு. மாசமா இருக்கறப்ப களையெடுக்க போகாம வீட்டுல இருக்கத்தான் அந்த காசு. ஆனா என் தங்கச்சிக்கு பேங்க் அக்கவுண்ட்ல ஆதார் சேரலன்னு அலைய விட்டு, முதல் தவணை வந்தப்போ புள்ள தவழ ஆரம்பிச்சிடுச்சு. அதை பத்தி கட்டுரைல ஒரு வரி கூட காணோம்.