வயலின் தறிக்குச் சில குறிப்புகள்

பாட்டு வகுப்பு நின்றபின் பரணில் கிடக்கும் வயலினில் துணி நெய்யலாம் என்று ஒரு கட்டுரை சொல்லும் யோசனை அருமை. ஆனால் அதில் சொன்னபடி நான்கு தந்திக்குப் பதில் நான்கு நூல் கட்டினால் துணி வராது, பின்னல்தான் வரும். பிரடைக்கு (தந்தியை முறுக்கும் ஆணிக்கு) மூன்றாக 12 பாவு நூல் (நீளவாட்டு நூல்) வேண்டும். முழு அளவு வயலினின் குதிரையில் (தந்திகளைத் தாங்கும் மரத்துண்டில்) ஓரத் தந்திகளுக்கு இடையே சுமார் 33 மி.மீ. இருக்கும், அதன் மேல் 3 மி.மீ.க்கு ஒரு வெட்டு என நுண்ணிய அரத்தால் ராவுங்கள். நன்கு முறுக்கேறிய பருத்தி நூலே நல்லது. கம்பளி இழுபட்டுத் தளரும். பிரடை வழுக்கினால் சாக்கட்டித் தூள் தடவுங்கள்.

ஊடையை (குறுக்கு நூலை) நேராக இழுத்தால் ஓரம் உள்வாங்கும். வில்லாக வளைத்து விட்டு, சீப்பால் தட்டுங்கள்.

தந்திகளை மொத்தமாகக் கழற்றினால் உள்ளே நிற்கும் சிறு மரக்குச்சி சாய்ந்துவிடலாம். பழுதுபார்த்து வாசிக்கக்கூடிய வயலினைத் தயவுசெய்து தறியாக்காதீர்கள், கற்கும் பிள்ளைக்குக் கொடுங்கள்.